கட்டட மாதிரிகளின் இணைப்பும் கணக்கும்

தோற்றுவாய்

ஒரு கட்டடம் நிலத்தின்மேல் எழும்புவதற்கு முன்னரே பலருடைய உள்ளத்தில் பலவாறாக எழும்பிவிடுகின்றது. அறைகளின் அமைப்பையும் வாயில் பலகணிகளையும் வகுப்பவர் ஒருவர்; அடித்தளம், தூண், உத்தரம் ஆகியவற்றின் வலிமையைக் கணிப்பவர் மற்றொருவர்; நீர்க்குழாய், மின்கம்பி, குளிர்காற்றுக் குழாய் முதலியவற்றுக்கு வழி வகுப்பவர் வேறு சிலர். இவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் ஒருங்கே இருந்து வேலை செய்தல் அரிது. ஒருவர் சென்னையிலும் மற்றொருவர் இலண்டனிலும் இருத்தலும் கூடும். எனினும் முடிவில் எழும்ப வேண்டியது ஒரே கட்டடம். பலர் கைப்பட்ட பணி ஒன்றாகப் பொருந்துதற்கு இக்காலத்து மென்பொருள்கள் கையாளும் வழி இன்னதென விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவன் இப்பொருளை எடுத்துக்கொண்டது ஏன் என்று நேயர்கள் வினவுதல் கூடும். அதற்கு விடை என் வீட்டிலேயே உள்ளது. என் தந்தையார் கொத்துவேலை செய்பவர். சில ஆண்டுகளுக்கு முன் எங்களூரில் எழுந்துகொண்டிருந்த மூன்றடுக்குக் கட்டடமொன்றில், கழிவுநீர்க் குழாய் செல்வதற்காக உத்தரமொன்றில் துளையிடும்படி அவருக்குக் கட்டளை பிறந்தது. குழாயின் படத்தில் அவ்விடத்தே உத்தரம் இல்லை. உத்தரத்தின் படத்தில் அவ்விடத்தே குழாய் இல்லை. கண்ணெதிரே இருந்ததோ உறுதியான உத்தரம். அவர் உளியை எடுக்க மறுத்து, பொறியாளர் வரும்வரை காத்திருந்தார். இரண்டு நாள் கழித்து வந்த பொறியாளர், குழாயின் படம் முந்திய மாதத்துப் பழைய படம் என்று கண்டார். உத்தரம் பிழைத்தது, ஆனால் எட்டுப் பேருடைய இரண்டு நாட் கூலி போயிற்று. தாளில் நேர்ந்த பிழைக்குத் தண்டம் செலுத்தியவர்கள் தாளையே காணாதவர்கள். அன்று முதல் இப்பொருள் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. கட்டடப் படங்கள் வரையும் தொழிலகமொன்றில் பணிபுரியும் என் தமையனார் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் தம் கணிப்பொறியில் காட்டியவற்றைக் கொண்டும், பின்னர் யான் கற்றவற்றைக் கொண்டும் இதனை எழுதுகின்றேன்.

படமும் மாதிரியும்

முற்காலத்தில் கட்டடத்தைத் தாளில் வரைந்தனர். மேலிருந்து நோக்குங்கால் தோன்றும் படம் ஒன்று. முகப்புப் படம் ஒன்று. குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல வரைந்த படம் ஒன்று. ஒரு பலகணியைச் சற்றே நகர்த்தினால் இம்மூன்றையும் திருத்தல் வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால் படங்கள் தம்முள் முரணும். இக்குறையை நீக்கும் பொருட்டு, அமெரிக்க நாட்டுக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் என்பார் 1970-களின் நடுவில் ஒரு புதுநெறியை வகுத்தார். படங்களைத் தனித்தனியே வரைவதை விடுத்து, கட்டடத்தின் உறுப்புக்களையே கணிப்பொறியில் பதிந்து வைத்தால், வேண்டிய படங்களை அப்பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கருத்து.

அந்நெறியில் வந்த மென்பொருள்களுள் பலரும் அறிந்தது ரெவிட் என்பது. 1997-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ரிவர் சாப்ட்வேர் என்னும் பெயரால் தொடங்கிய நிறுவனம் அதனை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. இதில் சுவர் என்பது இரண்டு கோடுகளன்று. நீளம், உயரம், பருமன், பொருள், தளம் ஆகிய பண்புகளையுடைய ஓர் உறுப்பு. அவ்வுறுப்புக்குத் தனக்கே உரிய அடையாள எண்ணும் உண்டு. இவ்வாறு உறுப்புக்களாலாய கணிப்பொறிக் கட்டடத்தையே மாதிரி என்கின்றோம்.

இணைப்பாவது யாது?

ஒரு பெருங்கட்டடத்தின் எல்லா உறுப்புக்களையும் ஒரே கோப்பில் அடைத்தால் அக்கோப்புப் பெருத்துக் கணிப்பொறி தளரும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. தூணுக்குப் பொறுப்பாளர் பொறியாளரே. அத்தூணை வேறொருவர் தம் விருப்பம்போல் நகர்த்த இடங்கொடுத்தல் தகாது. ஆதலின் ஒவ்வொரு துறையினரும் தத்தம் மாதிரியைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, பிறர் மாதிரியைத் தம்முடையதனோடு இணைத்துக்கொள்கின்றனர். இதுவே லிங்க் எனப்படும் இணைப்பு. இணைப்பை ஏற்கும் கோப்பைத் தாய்க்கோப்பு என்று ஈண்டு வழங்குவோம்.

இதனை நம் நூல்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். உரையாசிரியன் மூலத்தைத் தன் உரைக்கு மேலே வைத்து, சொல்தோறும் பொருள் கூறுகின்றான். ஆனால் மூலத்தைத் திருத்தும் உரிமை அவனுக்கு இல்லை. அதுபோலவே தாய்க்கோப்பில் இருப்பவர் இணைப்பு மாதிரியைப் பார்க்கலாம், அளக்கலாம், அதன் உறுப்புக்களுக்குப் பெயர்ச்சீட்டு இடலாம். அவ்வுறுப்புக்களை மாற்றல் இயலாது. மாற்ற வேண்டின் உரியவர் தம் கோப்பைத் திறந்து மாற்றுதல் வேண்டும். அம்மாற்றம், தாய்க்கோப்பை மீண்டும் திறக்கும்போதோ, இணைப்பை மறுபடி ஏற்றும்போதோ வந்து சேரும். மூலத்துக்கும் இணைப்புக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: மூலம் மாறாது, இணைப்போ வாரந்தோறும் மாறும். தொல்லையெல்லாம் அங்கேதான் பிறக்கின்றது.

இணைப்பு இருவகைப்படும். அட்டாச்மென்ட் என்பது ஒன்று. ஓவர்லே என்பது மற்றொன்று. அ என்னும் கோப்பு ஆ என்னும் கோப்பில் இணைந்திருக்க, அந்த ஆ என்பது இ என்னும் மூன்றாவது கோப்பில் இணையுமாயின், அ என்பதும் உடன் தோன்றுமா என்பதே வினா. அட்டாச்மென்டாக இணைத்திருந்தால் தோன்றும்; ஓவர்லேயாக இணைத்திருந்தால் தோன்றாது. இவ்வேறுபாட்டை அறியாதார், ஒரே மாதிரி இருவழியாக வந்து இருமுறை நிற்பதைக் கண்டு திகைப்பர்.

அளவைக்கு ஒரு தொடக்கம்

பல மாதிரிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டுமாயின் எல்லார்க்கும் அளவையின் தொடக்கம் ஒன்றாதல் வேண்டும். ஒருவர் நிலமட்டத்தைச் சுழி எனக் கொள்ள, மற்றொருவர் கடல்மட்டத்தைச் சுழி எனக் கொண்டால், தூண் வானிலும் தளம் மண்ணிலும் நிற்கும். இதன்பொருட்டே எல்லா மாதிரிகளுக்கும் பொதுவான ஆயத்தொலைவுகளை வகுத்துப் பகிரும் முறை இம்மென்பொருளில் அமைந்துள்ளது.

இஃது வீண் அச்சம் அன்று. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ரைன் ஆற்றின்மீது லாபன்புர்க் என்னும் ஊரில் இரு நாட்டாரும் சேர்ந்து ஒரு பாலம் கட்டினர். ஜெர்மானியர் உயரத்தை வடகடலின் மட்டத்திலிருந்தும், சுவிட்சர்லாந்தினர் மத்தியதரைக் கடலின் மட்டத்திலிருந்தும் அளப்பவர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 27 சென்டிமீட்டர் என்பது இருவர்க்கும் முன்னரே தெரியும். ஆயினும் அதனைத் திருத்தப் புகுந்தவர் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தமையால் வேறுபாடு நீங்காது இரட்டித்து 54 சென்டிமீட்டர் ஆயிற்று. 2003-ஆம் ஆண்டில் கட்டுமானத்தின் இடையிலேயே இது வெளிப்பட்டது. அறியாமையால் அன்று, அறிந்ததைச் சரிபாராமையால் நேர்ந்த பிழை இது.

அட்டவணையின் இயல்பு

இனி, ஷெட்யூல் என வழங்கும் அட்டவணையைக் காண்போம். இத்தொழிலில் ஷெட்யூல் என்பது காலக்குறிப்பன்று. கட்டடத்தில் உள்ள கதவுகள், தூண்கள், அறைகள் முதலியவற்றின் எண்ணையும் பண்பையும் வரிசையாகக் காட்டும் பட்டியலே அது. முன்பு இதனைப் படத்தைப் பார்த்துக் கையால் எண்ணி எழுதினர். மாதிரியில் இப்பட்டியல் தானே பிறக்கின்றது. ஒரு கதவை நீக்கினால் பட்டியலில் ஒரு வரி நீங்கும். பட்டியலில் ஒரு வரியை நீக்கினால் மாதிரியில் அக்கதவே நீங்கும். படமும் பட்டியலும் ஒரே பொருளின் இரு தோற்றங்களாதலின் இவ்வாறு நிகழ்கின்றது.

இயல்பாக அட்டவணை தன் கோப்பில் உள்ள உறுப்புக்களை மட்டுமே எண்ணும். இணைப்பு மாதிரிகளில் உள்ளவற்றையும் சேர்த்து எண்ண வேண்டின், அட்டவணையின் அமைப்பிலே அதற்கென உள்ள சிறு கட்டத்தில் குறியிடுதல் வேண்டும். குறியிட்டவுடன் எல்லாக் கோப்புக்களின் உறுப்புக்களும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். இஃது எளிதாகத் தோன்றினும், இதன்கண் மூன்று எச்சரிக்கைகள் உள.

முதலாவது, இரட்டித்து எண்ணல். கட்டடக் கலைஞர் தம் மாதிரியில் 120 தூண்களை வைத்திருக்கின்றார் எனக் கொள்வோம். பொறியாளரும் அத்தூண்களையே தம் மாதிரியில் வலிமைக் கணக்கோடு வைத்திருக்கின்றார். இரண்டையும் சேர்த்து எண்ணும் அட்டவணை 240 என்று கூறும். கட்டப்படுவனவோ 120 தூண்களே. பொறி பொய் கூறவில்லை. கேட்டவர் தவறாகக் கேட்டார். இதற்கு மாறான நிலையும் உண்டு. 48 கதவுகளையுடைய மாணவர் விடுதி மாதிரியொன்றை மூன்று இடங்களில் இணைத்தால் அட்டவணை 144 என்று கூறும். விடுதிகள் மூன்று கட்டப்படுமாயின் அதுவே சரியான தொகை. ஆதலின் ஒவ்வோர் உறுப்பும் எந்த இணைப்பிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் பத்தியொன்றை அட்டவணையில் சேர்த்துக்கொள்வதும், எத்துறையின் உறுப்புக்கு எம்மாதிரி சான்று என்பதை முன்னரே உறுதி செய்வதும் அறிவுடையோர் வழக்கம்.

இரண்டாவது, பெயர் ஒன்று, பொருள் வேறு ஆதல். தீத்தடுப்பு நேரம் என்னும் பண்பைக் கட்டடக் கலைஞர் தம் கதவுகளுக்கு ஏற்படுத்துகின்றார். மற்றோர் அலுவலகத்தாரும் அதே பெயரால் ஒரு பண்பை ஏற்படுத்துகின்றனர். நமக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். மென்பொருளோ பெயரைப் பார்ப்பதில்லை. பொதுப்பண்புக்குப் பின்னே மறைந்துள்ள நீண்ட அடையாளக் குறியையே பார்க்கின்றது. குறி வேறாயின் பண்பும் வேறே. பட்டியலில் அவ்விடம் வெறுமையாக நிற்கும். ஒரு சொல் பல பொருள் குறிப்பதை நாம் நிகண்டுகளில் கற்றவர்கள். ஆதலால் இவ்விடர்ப்பாடு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. இதனை நீக்கும் வழி, எல்லா அலுவலகத்தாரும் பொதுப்பண்புகளை ஒரே மூலக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்வதாகும்.

மூன்றாவது, திருத்தும் உரிமை. தன் கோப்பின் உறுப்புக்களை அட்டவணையிலேயே திருத்தலாம் என்றோம். இணைப்பிலிருந்து வந்த வரிகளைத் திருத்தல் இயலாது. அவை படித்தற்கு மட்டுமே உரியன. புதிதாக வந்தவர் இதனைக் குறையென்று கருதுவர். உண்மையில் இது காவலே. பிறருடைய கணக்கில் நாம் கைவைக்கவும், நம் கணக்கில் பிறர் கைவைக்கவும் இடமில்லாமையால் அவரவர் பொறுப்பு அவரவரிடமே நிற்கின்றது.

மாதிரிகளுக்கே ஓர் அட்டவணை

உறுப்புக்களை எண்ணினால் போதாது. மாதிரிகளையே எண்ணிக் காத்தல் வேண்டும். ஒரு மருத்துவமனைக்கோ விமானநிலையத்துக்கோ இணைப்பு மாதிரிகள் பல பத்தாகப் பெருகும். எது வந்தது, எது வரவில்லை, எது பழையது என்பதை நினைவில் வைத்தல் எவர்க்கும் இயலாது.

இதற்கு ரெவிட் மென்பொருளில் இருவகை வழி உண்டு. இணைப்புக்களை ஆளும் பலகையில், ஒவ்வோர் இணைப்பின் பெயரும், ஏற்றப்பட்டதா, ஏற்றப்படவில்லையா, கோப்பே காணப்படவில்லையா என்னும் நிலையும், அது அட்டாச்மென்டா ஓவர்லேயா என்பதும், கோப்பு இருக்கும் வழியும் காட்டப்படும். அங்கிருந்தே மறுபடி ஏற்றலாம், வேறிடத்திலிருந்து ஏற்றலாம், தற்காலிகமாக இறக்கலாம், அறவே நீக்கலாம். மற்றொரு வழி, கதவுகளுக்கு அட்டவணை அமைத்தாற்போல இணைப்புக்களுக்கே ஓர் அட்டவணை அமைப்பது. பெற்ற நாள், அனுப்பியவர், எத்தனையாவது திருத்தம், எந்நோக்கத்துக்காக அனுப்பப்பட்டது என்னும் பண்புகளை நாமே ஏற்படுத்தி அதில் நிரப்பிக்கொள்ளலாம். இவற்றைப் பொறி தானே அறியாது. ஒவ்வொரு முறையும் மாதிரியைப் பெறுபவர் கையால் எழுதல் வேண்டும். எழுதிய அட்டவணையைப் படத்தாளிலேயே வைத்துவிட்டால், அப்படத்தைக் காண்பவர் எவரும் இன்ன நாளைய மாதிரிகளைக் கொண்டு இது பிறந்தது என்று உடனே அறிவர். எங்களூர்க் கட்டடத்தின் குழாய்ப் படத்தில் இத்தகைய சிறு பட்டியல் இருந்திருக்குமாயின், என் தந்தையார் இரண்டு நாள் காத்திருந்திருக்க வேண்டா.

ஏடு தேடிய நம் முன்னோர் செய்ததும் இதுவே. ஒரு நூலைப் பதிப்பிக்கப் புகுந்தவர், இன்ன ஊரில் இன்னாரிடமிருந்து பெற்ற ஏடு, இவ்விடத்தில் சிதைந்தது, இவ்விடத்தில் பாடம் வேறு என்று குறித்து வைத்தனர். அக்குறிப்பு இல்லையேல் எப்பாடம் எவ்வேட்டிலிருந்து வந்தது என்று பின்வந்தோர் அறிதல் இயலாது.

2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் பன்னாட்டு நெறிமுறையும் இக்கருத்தையே வற்புறுத்துகின்றது. அதன்படி ஒவ்வொரு மாதிரியும் நான்கு நிலைகளுள் ஒன்றில் இருத்தல் வேண்டும்: வேலை நடைபெறுவது, பிறருடன் பகிர்ந்தது, வெளியிடப்பட்டது, காப்பகத்தில் வைத்தது. வேலை நடைபெறும் நிலையில் உள்ளதை நம்பிப் பிறர் கட்டத் தொடங்குதல் ஆகாது. எழுதி முடியாத கட்டுரையை அச்சகத்துக்கு அனுப்புவார் உளரோ?

மாற்றத்தைக் கண்காணித்தல்

புதிய மாதிரி வந்தது என்று அறிந்தால் மட்டும் போதுமா? அதில் எது மாறிற்று என்றும் அறிய வேண்டும் அன்றோ? இதற்கென ரெவிட்டில் காப்பி மானிட்டர் என்னும் கருவி உள்ளது. இணைப்பு மாதிரியில் உள்ள தளமட்டங்கள், கிரிட் கோடுகள், தூண்கள், சுவர்கள், தளங்கள் ஆகியவற்றை நம் கோப்பில் படியெடுத்து, மூலத்தோடு பிணைத்து வைக்கலாம். பின்னர் மூலத்தில் ஒரு கிரிட் கோடு நகர்ந்தாலும் நம் கோப்பு எச்சரிக்கும். அப்பொழுது நாம் அதனைத் தள்ளிப்போடலாம், மறுக்கலாம், வேறுபாட்டை அவ்வாறே ஏற்கலாம், அல்லது நம் உறுப்பையும் மூலத்துக்கு ஏற்ப நகர்த்தலாம். ஏன் அவ்வாறு செய்தோம் என்று குறிப்பெழுதவும் இடம் உண்டு.

ஆயினும் இக்கருவி எல்லா உறுப்புக்களையும் காவாது. பிணைத்து வைத்தவற்றை மட்டுமே காக்கும். எச்சரிக்கை நாள்தோறும் பெருகினால் அதனைப் படியாமலே ஏற்பாரும் உளர். ஏற்றேன் என்று அழுத்துதல் எளிது. அதன் பொருளை எண்ணிப் பார்த்தலே அரிது.

எண்ணிப் பாராமையின் விளைவை அமெரிக்க நாட்டுக் கான்சஸ் நகரத்து ஹயாத் ரீஜன்ஸி விடுதியின் வரலாறு உணர்த்தும். அங்கே இரண்டாம் தளத்து நடைபாலமும் நான்காம் தளத்து நடைபாலமும், ஒன்றன்கீழ் ஒன்றாக, கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளால் தொங்குமாறு வகுக்கப்பட்டிருந்தன. முதற் படத்தில் ஒரே நீண்ட கம்பி இரண்டு பாலங்களையும் தாங்கிற்று. செய்தற்கு எளிதென்று அஃது இரு கம்பிகளாக மாற்றப்பட்டது. அம்மாற்றத்தால் கீழ்ப்பாலம் கூரையில் தொங்காது மேற்பாலத்திலேயே தொங்கிற்று. மேற்பாலத்தின் பிணைப்பில் இருமடங்கு பாரம் ஏறிற்று. முதல் அமைப்பே போதிய வலிமை உடையதன்று என்பது பின்னர் வெளிப்பட்டது. மாற்றம் அதனை மேலும் நலிவித்தது. மாற்றிய படத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அப்பிணைப்பை மீண்டும் கணித்துப் பார்த்தவர் இலர். 1981-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் மாலையில், மக்கள் நிறைந்திருந்த வேளையில் அப்பாலங்கள் வீழ்ந்தன. 114 பேர் உயிர் துறந்தனர். அக்காலத்தில் இத்தகைய மென்பொருள்கள் இல்லை. இருந்திருப்பின் கம்பி மாறிற்று என்று அவை காட்டியிருத்தல் கூடும். காட்டியதைக் கண்டு கணித்திருக்க வேண்டியவர் மனிதரே.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மாதிரிகளை இணைப்பது வேலையின் தொடக்கமே என்பதும், இணைத்தவற்றை இருமுறை எண்ணாமலும் பழையதைப் புதியதென்று மயங்காமலும் காத்தலே அதன் பெரும்பகுதி என்பதும் விளங்கும். பிரித்தானிய அரசாங்கம் 2011-ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்தின்படி, 2016-ஆம் ஆண்டு முதல் தன் கட்டுமானப் பணிகளுக்கு இம்மாதிரி முறையை வேண்டிற்று. நம் நாட்டிலும் பெரும்பணிகள் பலவற்றில் இது புகுந்துள்ளது. நம் தோழர் சிலர் பட்டம் பெற்றபின் இத்தொழிலகங்களில் அமர்தல் கூடும். அவர்களுக்கு ஒரு சொல்: அட்டவணையில் நீங்கள் இடும் நாளும் திருத்த எண்ணும் வெறும் எழுத்தல்ல. அவற்றை நம்பி எங்கோ ஒருவர் வெயிலில் கம்பி கட்டுவார். எங்கோ ஒருவர் உளியை ஓங்குவார்.

இவற்றையெல்லாம் ஒருநாள் மாலை என் தந்தையாருக்கு எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "அந்தக் குழாய்ப் படத்திலே தேதி போட்டிருந்தா போதுமே, தம்பி" என்றார். யான் இத்தனை பக்கங்களில் கூறியதும் அதுவே.